பொறி தட்டியது, நிரூபணம் எங்கே?

கேள்வி: கணிதத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது, மேடம். ஒரு கணக்கைப் பார்த்ததுமே விடை இதுதான் என்று எனக்குத் தோன்றிவிடும். பாதி நேரம் அது சரியாக இருக்கிறது, மீதி நேரம் காலை வாரிவிடுகிறது. "தோன்றியதையெல்லாம் கொண்டுவராதே, நிரூபித்துக்கொண்டு வா" என்கிறார் என் கைடு. கூடப் படிக்கும் தோழி வரிக்கு வரி பிசகில்லாமல் எழுதுவாள். ஆனால் புதிதாக ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறாள். ராமானுஜன் எல்லாவற்றையும் உள்ளுணர்வாலேயே கண்டுபிடித்தார் என்கிறார்களே! நானும் என் உள்ளுணர்வை நம்பிப் போகலாமா, அதை அடக்கிவைத்துவிட்டுத் தர்க்கத்தைப் பழக வேண்டுமா?

பதில்: பாதி சரி, பாதி தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாதி என்று எழுதவில்லை. எந்த வகைக் கணக்கில் உங்களுக்குத் தோன்றுவது நிற்கிறது, எந்த வகையில் விழுகிறது என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கமாட்டீர்கள். அநேகமாக யாரும் வைப்பதில்லை. உங்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பலருக்கும் தெரிந்த கணக்கு. கடைசிவரை போனவர்கள்தான் குறைவு.

ஒரு வட்டத்தின் விளிம்பில் சில புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நாணால் இணையுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? 1 புள்ளிக்கு 1, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16. இதற்குமேல் வரைய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. 6க்கு 32 என்று கை தானாக எழுதிவிடும். எண்ணிப் பார்த்தால் 31தான் வரும். 7க்கு 57. (6 புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்து ஒழுங்கு அறுகோணமாக வரைந்தவர்களுக்கு 30 வந்திருக்கும். மூன்று நாண்கள் நடுவில் ஒரே புள்ளியில் சந்தித்து ஒரு துண்டை விழுங்கிவிடுகின்றன. உள்ளே எந்த மூன்று நாண்களும் ஒரே இடத்தில் சந்திக்காதபடி புள்ளிகளைக் கொஞ்சம் நகர்த்தி வரைய வேண்டும்.)

"ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது" என்று தோன்றியதே, அதற்குப் பின்னால் என்ன இருந்தது? ஐந்து எண்கள். ஒரு புள்ளியைச் சேர்த்தால் துண்டுகள் ஏன் இரட்டிக்க வேண்டும் என்று கேட்டால் பதில் கிடையாது.

இப்போது படத்தை வேறு விதமாகப் பாருங்கள். ஒரு புதிய நாணை வரையும்போது, அது பழைய நாண்களை எத்தனை இடத்தில் வெட்டுகிறதோ அதைவிட ஒன்று கூடுதலான துண்டுகள் புதிதாக உண்டாகின்றன. ஆகவே மொத்தத் துண்டுகள் என்பது 1, நாண்களின் எண்ணிக்கை, உள்ளே இருக்கும் வெட்டுப்புள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றின் கூட்டல். ஒரு நாணுக்கு விளிம்பில் இரண்டு புள்ளிகள் வேண்டும். ஒரு வெட்டுப்புள்ளிக்கு நான்கு வேண்டும். நான்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவற்றால் உள்ளே உண்டாகும் வெட்டுப்புள்ளி ஒன்றே ஒன்றுதான். 6 புள்ளிகளுக்கு நாண்கள் 15, வெட்டுப்புள்ளிகள் 15, அதோடு 1. மொத்தம் 31.

இதுவும் பொறி தட்டி வந்ததுதான். "நாண்களை ஒவ்வொன்றாக வரைந்தால் என்ன?" என்ற எண்ணத்தை எந்தத் தர்க்க விதியும் உங்களுக்கு எடுத்துக்கொடுக்காது. ஆனால் முன்னதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னது எண்களின் சாயலைப் பார்த்து வந்தது. பின்னது துண்டு எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்து வந்தது. பின்னதில் நிரூபணத்தின் எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு ஒன்று தோன்றியவுடன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது இந்த இரண்டில் எந்த ரகம் என்பதுதான்.

முதல் எண்ணம் ஏன் ஏமாற்றியது என்பதையும் தோண்டிவிடுங்கள். விழுந்த ஊகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவது பெரிய நஷ்டம். பாஸ்கல் முக்கோணத்தில் (ஒவ்வோர் எண்ணும் மேலேயுள்ள இரண்டின் கூட்டலாக வரும் எண் முக்கோணம்), புள்ளிகள் எத்தனையோ அத்தனை உறுப்புகள் உள்ள வரிசையை எடுத்து, முதல் ஐந்து உறுப்புகளை மட்டும் கூட்டினால் மேலே சொன்ன விடை வந்துவிடும். 5 புள்ளிகளுக்கு வரிசை 1, 4, 6, 4, 1. மொத்தமே ஐந்து உறுப்புகள்தான், முழு வரிசையும் சேர்ந்து 16. அடுத்த வரிசையான 1, 5, 10, 10, 5, 1இல் ஆறு உறுப்புகள். கடைசி 1 விடுபடுகிறது, அதனால்தான் 32க்கு ஒன்று குறைகிறது. 10 புள்ளிகளுக்கு 256 வரும், மறுபடியும் 2இன் அடுக்கு! அந்த ஒன்றை மட்டும் சோதித்தவர் பழைய ஊகத்துக்கு உயிர் வந்துவிட்டதாக நினைத்துவிடுவார். ஆனால் இரட்டிப்பு விதிப்படி அங்கே வர வேண்டியது 512.

ராமானுஜன் விஷயத்துக்கு வருகிறேன். நிரூபணமே இல்லாமல் கண்டுபிடித்தார் என்பது பாதிக் கதை. அவருடைய நோட்டுகளில் நிரூபணம் அதிகம் இல்லை என்பது உண்மைதான். சிலேட்டில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம். அந்தச் சிலேட்டு வேலை நம் கண்ணில் படாததால் எல்லாம் வானத்திலிருந்து விழுந்தது போலத் தெரிகிறது.

அவருடைய ஒரு கண்டுபிடிப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு முழு எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதை அதன் பிரிவினை எண்ணிக்கை என்போம். 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாக எழுதலாம். மக்மஹோன் என்ற கணிதவியலர் 200 வரை இதற்கு அட்டவணை போட்டுவைத்திருந்தார். ராமானுஜன் அதைப் பார்த்தார். 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490, 24க்கு 1575. 4இலும் 9இலும் முடியும் எண்களுக்கெல்லாம் விடை 5ஆல் வகுபடுகிறது. கண்ணில் பட்டதோடு அவர் நிற்கவில்லை. 1919இல் அதற்கு நிரூபணமும் வெளியிட்டார்.

கூடவே அதைவிடப் பெரிய ஊகம் ஒன்றையும் வைத்தார். 5, 7, 11 ஆகியவற்றின் எந்த அடுக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை 24ஆல் பெருக்கி அந்த அடுக்கால் வகுக்கும்போது மீதி 1 வந்தால், அந்த எண்ணின் பிரிவினை எண்ணிக்கை அந்த அடுக்கால் மீதியின்றி வகுபடும் என்பது ஊகம். இனிமேல் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 49க்கு இந்த நிபந்தனையில் பொருந்தும் எண்கள் 47, 96, 145, 194. அட்டவணைக்குள் நான்கு சோதனைகள், நான்கிலும் ஊகம் தேறுகிறது. 7இன் அடுத்த அடுக்கான 343க்குப் பொருந்தும் முதல் எண் 243. அட்டவணையோ 200இல் முடிந்துவிடுகிறது. அதாவது 343ஐப் பற்றிய கூற்றைச் சோதிக்க அந்த அட்டவணையில் ஓர் எண்கூட இல்லை.

பிறகு ஹன்ஸ்ராஜ் குப்தா என்ற கணிதவியலர் அட்டவணையை 300 வரை நீட்டினார். அதைப் பார்த்து 1934இல் சௌலா என்ற இன்னொரு கணிதவியலர் சுட்டிக்காட்டினார்: 243இன் பிரிவினை எண்ணிக்கை 133978259344888, அது 49ஆல் வகுபடுகிறது, 343ஆல் வகுபடவில்லை. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 7ஆல் இரண்டு முறை மீதியின்றிப் போகும், மூன்றாம் முறை மீதி 5 நிற்கும். 1938இல் வாட்சன் 5இன் அடுக்குகளுக்கு ஊகம் முழுவதும் சரி என்றும், 7இன் அடுக்குகளுக்கு அடுக்கெண்ணைக் கிட்டத்தட்டப் பாதியாக்கினால் சரி என்றும் நிரூபித்தார். 11க்கு நிரூபணம் வர 1967 ஆயிற்று, அட்கின் முடித்தார்.

ராமானுஜனுக்கே தவறியது என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஊகத்தின் பெரும்பங்கு நின்றது. தவறிய பங்கும் சரியான தேற்றத்தின் வாசலில்தான் தவறியது. உங்களுக்கு வேண்டிய பாடம் வேறு. "எத்தனை எடுத்துக்காட்டில் ஒத்துப்போனது?" என்று எண்ணாதீர்கள். "என் ஊகம் பொய்யாக இருந்திருந்தால், இவற்றில் எத்தனை அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்?" என்று எண்ணுங்கள். பல சமயம் இரண்டாவது எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும். கூற்றின் எந்தப் பகுதிக்கு எத்தனை சோதனை என்று தனித்தனியாக எழுதினால்தான் அது தெரியவரும்.

சோதனைகள் மலைபோல் குவிந்தாலும் போதாத இடங்களும் உண்டு. ஓர் எண் வரை எத்தனைப் பகா எண்கள் இருக்கும் என்பதற்கு மடக்கைத் தொகையீடு என்ற தோராயச் சூத்திரம் தரும் மதிப்பு, எண்ணிப் பார்த்த இடமெல்லாம் உண்மையான எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. எப்போதும் அப்படித்தான் என்று யாருக்கும் தோன்றும். எது பெரியது என்ற இந்த நிலை முடிவில்லாத தடவை தலைகீழாகும் என்று 1914இல் லிட்டில்வுட் என்ற கணிதவியலர் நிரூபித்தார். அப்படி ஒரு திருப்பம் 317 இலக்க எண்களின் வட்டாரத்தில் இருப்பது இன்று தெரியும். அதற்கு வெகு முன்னதாக எந்தக் கணினியும் மூச்சு வாங்கிவிடும்.

சரி, உள்ளுணர்வு எங்கிருந்து வருகிறது? 1973இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. உண்மையான ஆட்டத்தின் நடுநிலை ஒன்றை 5 விநாடி காட்டிவிட்டு மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களின் இடங்களைப் புதியவரைவிடப் பல மடங்கு நன்றாக நினைவிலிருந்து வைத்துக்காட்டுவார். அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துவிடும். அவரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் ஒன்றும் இல்லை, ஆடி ஆடிப் படிந்துபோன வடிவங்கள். 2009இல் கானமன், க்ளைன் என்ற உளவியலர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையும் இங்கே பொருந்தும். ஒருவர் உள்ளுணர்வைச் சந்தேகித்தவர், மற்றவர் கொண்டாடியவர். இருவரும் ஒத்துக்கொண்டது இதுதான்: சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், தப்பும் சரியும் உடனுக்குடன் தெரிந்து பழகியிருக்க வேண்டும், இரண்டும் இருந்தால் அந்த உள்ளுணர்வை நம்பலாம். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது ஓர் அத்தாட்சியே இல்லை.

கணிதத்தில் ஒழுங்குக்குப் பஞ்சமில்லை. பழக்கம் எங்கே தீர்ந்துபோகிறது என்பதுதான் தெரிய வேண்டும். ஆரம் 1 உள்ள கோளத்தின் கனஅளவை எடுத்துக்கொள்ளுங்கள். 2 பரிமாணத்தில் (அதாவது வட்டத்தின் பரப்பு) 3.14, 3இல் 4.19, 4இல் 4.93, 5இல் 5.26 என்று ஏறும். 6இல் 5.17 என்று இறங்கத் தொடங்கி, பரிமாணம் கூடக்கூடப் பூஜ்யத்தை நெருங்கிவிடும். மூன்று பரிமாணத்தில் பழகிய கண்ணுக்கு இது தெரிய வழியே இல்லை. முடிவிலாக் கணங்கள், உயர் பரிமாணங்கள், நிபந்தனை நிகழ்தகவு, எல்லையையும் தொகையையும் இடம் மாற்றுவது: இந்த நான்கிலும் உங்களுக்குத் தோன்றுவதைப் பாதி விலைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு தனி நோட்டுப் போடுங்கள். ஏதாவது தோன்றியதும், சரிபார்க்க உட்காருவதற்கு முன்பே, அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "எல்லா", "ஏதேனும் ஒரு" என்ற சொற்கள் அதில் இடம் பிசகாமல் இருக்க வேண்டும். பாதி ஊகங்கள் இந்த வாக்கியத்தை எழுதும்போதே கரைந்துவிடும். கீழே, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 100க்கு ஒரு மதிப்பெண். அடுத்து, ஏன் தோன்றியது: வரிசையைப் பார்த்தா, காரணத்தைப் பார்த்தா, வேறொரு தேற்றத்தின் சாயலிலா. கடைசியாக, இதைக் கவிழ்க்கக்கூடிய மிக மலிவான சோதனை எது. முடிவு தெரிந்த பிறகு ஒரு வரி. முப்பது பதிவுகள் சேர்ந்ததும் தொகுத்துப் பாருங்கள். 80க்குமேல் மதிப்பெண் போட்டவற்றில் எத்தனை நின்றன? எந்தத் துறையில் நின்றன? முன்கூட்டியே எழுதாவிட்டால் இந்த நோட்டால் பயனில்லை. முடிவு தெரிந்த பிறகு "நான் அப்போதே நினைத்தேன்" என்று மனம் கணக்கைத் திருத்திவிடும்.

கவிழ்க்கும் சோதனை பற்றி இன்னும் கொஞ்சம். 1960இல் வேசன் என்ற உளவியலர் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இது என் மனதிலுள்ள விதிக்குப் பொருந்துகிறது, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லி விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் தங்கள் ஊகத்துக்கு ஒத்துவருபவற்றையே கேட்டு, "பொருந்துகிறது" என்ற பதிலை வாங்கி வாங்கி உறுதியடைந்தார்கள். விதியோ ஏறுவரிசை, அவ்வளவுதான். 1, 2, 47 என்று ஒருமுறை கேட்டிருந்தால் உடைந்திருக்கும். படித்தவர்கள் செய்யும் தப்பு இது, ஆய்வகங்களிலும் தினம் நடப்பது.

ஆகவே உங்கள் ஊகத்தை முதலில் அற்பமான இடங்களில் உரசுங்கள்: 0, 1, வெற்றுக்கணம், மாறிலிச் சார்பு. பிறகு சமச்சீர் இல்லாத ஓர் எடுத்துக்காட்டு. அறுகோணம் செய்த வேலையைப் பார்த்தீர்கள், அழகான எடுத்துக்காட்டுகள் பொய்சாட்சி சொல்லும். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒன்றை நீக்கியும் உங்கள் நிரூபணம் அசையாமல் நின்றால், தேற்றம் நீங்கள் நினைத்ததைவிடப் பலமானது, இல்லையென்றால் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது; இரண்டாவதுதான் அடிக்கடி. இவற்றையெல்லாம் தாண்டியபின் ஒரு மணி நேரம் நிரூபிக்கப் பாருங்கள், அடுத்த ஒரு மணி நேரம் பொய் என்று காட்டப் பாருங்கள். நிரூபணம் சிக்கிய இடத்திலிருந்தே எதிர் எடுத்துக்காட்டைக் கட்டத் தொடங்குவது நல்லது; பொய்யாக இருந்தால் அது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நடுவில் விட்டுவிட்டு எழுந்து போவதும் வேலையின் ஒரு பகுதிதான், ஆனால் எப்போது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். பிரான்சின் குட்டான்ஸ் ஊரில் வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் கணிதவியலர் புவான்கரேக்கு, தான் ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு வகைச் சார்புகளைப் பற்றிப் பெரிய யோசனை ஒன்று உதித்தது என்ற செய்தியை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னே பதினைந்து நாள் அவர் விடாமல் உட்கார்ந்து, அப்படிப்பட்ட சார்புகள் இருக்கவே முடியாது என்று நிரூபிக்க முயன்றதையும், ஊர் திரும்பியபின் நிதானமாகச் சரிபார்த்ததையும் சொல்லமாட்டார்கள். அவரே எச்சரித்த இன்னொன்றும் உண்டு: திடீரென்று உதித்துப் பின்னர் பொய்யாகிப்போகும் எண்ணங்கள், உண்மையாக மட்டும் இருந்திருந்தால் மிக அழகாக இருந்திருக்கும். அழகாக இருக்கிறது என்பதாலேயே நம்பியவற்றை உங்கள் நோட்டில் தனியாகக் குறித்துவையுங்கள்.

உங்கள் தோழிக்கும் இரண்டு வார்த்தை. வரிக்கு வரி எழுதுவதாலேயே பத்திரம் என்று அவர் நினைக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல் எந்த நாட்டு வரைபடத்தையும் தீட்ட நான்கு நிறம் போதும் என்பதற்கு 1879இல் கெம்பே கொடுத்த நிரூபணம் 11 ஆண்டுகள் சரியென்றே கருதப்பட்டது. இரண்டு நிறங்கள் மாறி மாறி வரும் பகுதிகளின் தொடரைச் சங்கிலி என்பார்கள்; அப்படி இரண்டு சங்கிலிகளில் நிறங்களை அவர் ஒரே நேரத்தில் இடம் மாற்றினார். தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொன்றும் சரி. இரண்டையும் சேர்த்து மாற்றும்போது ஒன்று மற்றதைக் கெடுத்துவிடலாம். 1890இல் ஹீவுட் அதைப் பிடித்தார். கெம்பேயின் முடிவு சரி, வழி தப்பு. 1976 வரை நிரூபணம் இல்லாமலே இருந்தது. இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எழுதியதைப் படமாக, எடுத்துக்காட்டாக மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். "தெளிவாகவே", "இதேபோல்", "பொதுத்தன்மை குறையாமல்" என்று எழுதிய ஒவ்வொரு வரியிலும் பேனாவை நிறுத்தி ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிதாகத் தோன்றவில்லை என்பதற்கு மருந்து, தளர்வாக யோசிக்கத் தனக்கே அனுமதி கொடுப்பது. ஆர்க்கிமிடீஸ் உருவங்களை மெல்லிய சீவல்களாக வெட்டித் தராசில் எடை போடுவதாகக் கற்பனை செய்து கோளத்தின் கனஅளவைக் கண்டார். இது நிரூபணமாகாது என்று அக்கால அறிஞர் எரடோஸ்தனிசுக்கு அவரே எழுதினார், முறையான நிரூபணத்தையும் தனியே கொடுத்தார். விடை முன்கூட்டியே தெரிந்தால் நிரூபணம் எளிதாகிறது என்பதும் அவர் சொன்னதுதான். அந்தக் கடிதத்தின் பிரதி ஒரு பிரார்த்தனை நூலின் எழுத்துக்கு அடியில் கிடந்ததை 1906இல் ஹைபர்க் என்ற அறிஞர் கண்டறியும்வரை அவருடைய இந்தப் பக்கம் உலகுக்குத் தெரியாது. தோழி ஒரு தேற்றத்தின் கூற்றை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவைக்கட்டும். இது ஏன் உண்மையாக இருக்கக்கூடும் என்று தப்பும் தவறுமாக அரைப் பக்கம் எழுதட்டும். பிறகு நூலின் நிரூபணத்தோடு ஒப்பிட்டு, தான் எதை எதிர்பார்க்கவில்லை என்று ஒரு வரி குறிக்கட்டும். வாரத்துக்கு மூன்று போதும். அந்த அரைப் பக்கங்களை உங்களிடம் தரச் சொல்லுங்கள், உங்கள் நோட்டை அவரிடம் கொடுங்கள். ஒருவர் ஊகத்தை மற்றவர் கவிழ்க்கப் பார்ப்பதைப் போல வேகமான பயிற்சி வேறில்லை.

கைடைப் பொறுத்தவரை, "எனக்குத் தோன்றுகிறது" என்று போய் நிற்காதீர்கள். ஒரு தாள் கொண்டுபோங்கள். மேலே கூற்று, ஒரே வாக்கியம். அடியில் அதைக் கவிழ்க்க நீங்கள் செய்த சோதனைகளும் அவற்றில் உண்மையில் கவிழ்த்திருக்கக்கூடியவை எவை என்பதும். பிறகு நிரூபணத்தில் நீங்கள் வந்து நிற்கும் இடம்: "இந்தத் துணைத்தேற்றம் கிடைத்தால் முடிந்துவிடும், இது கிடைக்கவில்லை." அப்படி ஒரு தாளைப் பார்த்துவிட்டு நிரூபித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பும் கைடு அபூர்வம். பெரும்பாலும் அந்தக் கடைசி வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போடச் சொல்வார்.